பண்டாரவளையிலிருந்து புத்தலை வரை

மலைநாட்டுப் புகையிரதத்திற் பயணஞ் செய்தோர் அப்புத்தளையில் நிகழும் மாற்றத்தை நன்கு அறிவர். அதுவரை சன்னல்களை மூடச் செய்த பனிமூட்டமும் சாரலும் அங்கே பின்தங்கிவிடுகின்றன. வண்டி மலைமுதுகைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கியதும் வெயில் தெளிகிறது; தேயிலைக்கிடையே புல் போர்த்த பத்தனைக் குன்றுகள் தலைகாட்டுகின்றன; தியத்தலாவையைத் தாண்டிச் சிறிது நேரத்திற் பண்டாரவளை வந்துவிடுகிறது. ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில், குளிரும் வெப்பமும் ஒன்றையொன்று அனுசரித்துப் போகும் ஊர் இது. 1894ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்த இருப்புப்பாதை, பதுளையைச் சென்றடைய மேலும் முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அக்காலத்தில் இவ்வூரே பாதையின் முடிவாக இருந்ததென்றும், சுற்றுவட்டாரத் தேயிலைப் பெட்டிகள் மாட்டுவண்டிகளில் வந்து இங்கு குவியுமென்றும் எங்கள் பாட்டனார் கதைகதையாகச் சொல்லுவார்.

நான் பிறந்தது இந்நகரிலிருந்து மூன்று கட்டை தொலைவிலுள்ள ஒரு தோட்டத்து லயத்தில். ஆசிரியத் தொழில் என்னை எங்கெங்கோ இழுத்துச் சென்று, ஓய்வுபெற்றபின் அட்டனில் இருத்தியிருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை தங்கையைப் பார்க்கப் பண்டாரவளை வருவேன். இம்முறை அவளே அழைத்தாள்.

"அண்ணே, உங்கள் மருமகன் சாமியாராகப் போகிறேன் என்று நிற்கிறான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வேறு எதையும் பேச மாட்டேன் என்கிறான். குருமடத்திற்கு எழுதி விண்ணப்பப் படிவமும் வாங்கி வைத்திருக்கிறான். நீங்கள் வந்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும்."

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். தங்கை ஞாயிறு தவறாமற் பூசைக்குப் போகிறவள். பிறர் வீட்டுப் பிள்ளை குருவானால் மாலை வாங்கிக்கொண்டு முதல் வரிசையில் நிற்பவள். ஆயினும் ஒற்றை மகன் என்று வரும்போது கணக்கு வேறாகிவிடுகிறது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் படிவத்தை அவள் அலுமாரியில் சேலைகளுக்கடியில் ஒளித்து வைத்திருந்தாள். பையன் அதைத் தேடவுமில்லை, கேட்கவுமில்லை. அவனுடைய அந்த அமைதியே அவளை மேலும் கலங்கச் செய்தது போலும்.

நாலு வார்த்தை சொல்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் வார்த்தை சொல்லியே கழித்தவன் ஆதலால், வார்த்தையின் பலன் எவ்வளவென்று எனக்குத் தெரியும். ஆகவே மறுநாள் காலையில், "தம்பி, புத்தலை வரை போய்வருவோமா?" என்று கேட்டேன். அவன் உடனே சப்பாத்தை மாட்டிக்கொண்டான்.

புத்தலை என்றால் மலையகத் தமிழர் பலருக்குக் கதிர்காம யாத்திரையின் வழியில் வரும் ஓர் ஊர். தேநீருக்கு வண்டி நிற்கும் இடம். ஆனால் பண்டாரவளையையும் புத்தலையையும் இணைக்கும் வேறொரு வரலாறு உண்டு. அதை எங்களவர்கள் அதிகம் பேசுவதில்லை.

அவ்வரலாறு ஒரு மேற்றிராணியாரிடமிருந்து தொடங்குகிறது. (இக்காலத்தார் ஆயர் என்பர்.) லியோ நாணயக்கார என்பது அவர் பெயர். புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. 1959ஆம் ஆண்டிலிருந்து கண்டியின் ஆயராக விளங்கினார். 1972ஆம் ஆண்டின் இறுதியில் கண்டி மறைமாவட்டத்திலிருந்து ஊவா மாகாணம் பிரிக்கப்பட்டுப் பதுளை மறைமாவட்டம் உருவாயிற்று. கண்டியில் பேராலயம் இருந்தது, பெயர்பெற்ற கல்லூரிகள் இருந்தன, நாட்டின் பெரிய குருமடம் பக்கத்திலேயே அம்பிட்டியவில் இருந்தது. பதுளையிலோ கத்தோலிக்கர் மிகச் சிலர், பாதைகள் கெட்டவை, ஒரு புறம் வறண்ட கிராமங்கள், மறுபுறம் தோட்டங்கள். லியோ ஆண்டகை கண்டியை விட்டுத் தாமாகவே விரும்பிப் பதுளைக்கு வந்தார். உத்தியோகத்தில் இருப்பவர்கள் ஊவாவிலிருந்து கண்டிக்கு மாற்றல் கேட்டு மனுப் போடுவதைத்தான் நாம் கண்டிருக்கிறோம்.

அவர் வந்த காலம் எத்தகையதென்று என் வயதினருக்கு நினைவிருக்கும். 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் சிங்கள இளைஞர் ஆயிரக்கணக்கில் மாண்டு, கிராமங்கள் வாயடைத்துக் கிடந்தன. 1948ஆம் ஆண்டில் குடியுரிமை பறிக்கப்பட்ட எம்மவர், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இந்தியா போகிறவர், இங்கேயே நிற்கிறவர் என்று குடும்பம் குடும்பமாகப் பிளந்துகொண்டிருந்தனர். 1973ஆம், 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிற் பஞ்சம். எனக்கு அப்போது பதினான்கு வயது. மா இல்லை, அரிசி இல்லை. அவித்த கீரையும் கிழங்கும் உண்டு பள்ளிக்குச் சென்றோம். எங்கள் லயத்தில் அந்த இரண்டு ஆண்டுகளில் நான்கு முதியவர்களை அடக்கஞ் செய்தோம். பசி என்று யாரும் சொல்லவில்லை, காய்ச்சல் என்றார்கள்.

இந்த மண்ணில் உழைக்கப்போகும் குருமாருக்கு அம்பிட்டியப் படிப்பு மாத்திரம் போதாது என்று ஆயர் கருதினார். 1970களின் நடுவில் பண்டாரவளையில் ஒரு புதிய பயிற்சிக்கூடத்தை அமைத்தார். அதற்குச் 'சேவக செவண' என்று சிங்களத்தில் பெயரிட்டார். பணியாளரின் நிழல் என்று பொருள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் நிறைவுற்று, திருச்சபை தன் சன்னல்களைத் திறந்துவிட்ட காலம் அது. மாணவர்கள் நூலைப் படிப்பதோடு மக்களிடையே சென்று வாழ்ந்து, அவர்களுடைய உழைப்பையும் சமயத்தையும் கண்டறிந்து, பிறகு வந்து அதைப்பற்றிச் சிந்திக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இப்பயிற்சியைப் பழைய முறையிற் பழகியவர்கள் ஐயுறவோடு நோக்கினர். இலங்கைக்கு வெளியேயுள்ள இறையியலார் சிலரோ ஆர்வத்தோடு கவனித்தனர்.

அங்கே கற்பிக்க வந்தவர்தாம் மைக்கேல் ரொட்ரிகோ அடிகளார். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவர். 1927ஆம் ஆண்டிற் பிறந்தவர். உரோமையில் ஒரு கலாநிதிப் பட்டம், பாரிசில் மற்றொன்று. அம்பிட்டியக் குருமடத்திற் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்தவர். அத்தகையவர் பண்டாரவளைக்கு வந்தது ஒரு படி இறக்கம் என்று உலகம் நினைத்திருக்கும். அவரோ இங்கிருந்தும் இறங்கத் தலைப்பட்டார். மாணவரைக் கிராமத்துக்குப் போ என்று அனுப்பிக்கொண்டே தாம் மலைக்குளிரில் இருப்பது அவருக்கு ஒவ்வவில்லை போலும். 1980ஆம் ஆண்டு சூலை மாதம் புத்தலையை அடுத்த அளுகலவிட்ட என்னும் கிராமத்துக்குக் குடிபோனார்.

நாங்களும் அவர் இறங்கிய பாதையிலேயே இறங்கினோம். பஸ் வண்டி பண்டாரவளைச் சந்தையைத் தாண்டிச் சற்று தூரம் சென்றதும் பிந்துனுவெவ. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், இங்கிருந்த புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர் இருபதுக்கும் மேற்பட்டோர் கூட்டத்தினராற் கொல்லப்பட்டனர். மருமகன் அதன் பிறகு பிறந்தவன். நான் வெளியே பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். இருவரும் ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸுக்குள் சிங்களத் தாய் ஒருத்தி தன் பையிலிருந்த பேரிக்காயை எடுத்து எங்கள் இருவருக்கும் நீட்டினாள். இந்நாட்டின் கதை எப்போதும் இப்படித்தான் இரண்டையும் ஒரே கட்டைக்குள் வைத்திருக்கிறது.

கும்பல்வெல சந்தியில் வலப்புறந் திரும்பி எல்லவை அடைந்தால், மலை திடீரென்று பிளந்து வழிவிடுகிறது. எல்லக் கணவாயின் ஊடாகத் தெற்கே தாழ்ந்த நிலம் முழுவதும் நீலப் புகையாகத் தெரியும். வெளிநாட்டுப் பிரயாணிகள் கூட்டங்கூட்டமாக வந்து படமெடுப்பது அதைத்தான். இராவணன் நீர்வீழ்ச்சி பாதையோரத்திலேயே கொட்டுகிறது. சாரதி வண்டியை மெதுவாக்கி எல்லாருக்கும் காட்டினார். அதன்பின் வளைவுக்கு வளைவு வெப்பம் ஏறியது. கம்பளிச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்தேன். வெல்லவாயவில் இறங்கியபோது உடலெல்லாம் வியர்வை. பண்டாரவளையில் இருப்பவருக்கு இது வேறு நாடு. ஒன்றரை மணி நேரத்தில் மூவாயிரம் அடிக்கு மேல் இறங்கிவிடுகிறோம்.

வெல்லவாயவிலிருந்து புத்தலை செல்லும் நெடுஞ்சாலையிற் பெல்வத்தை வருகிறது. இரு மருங்கும் கரும்பு. 1980களில் இங்கு சீனித் தொழிற்சாலை எழுந்தது. நாட்டுக்குச் சீனி வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அதற்குமுன் இந்நிலங்களிற் குரக்கனும் சோளமும் பயறும் இட்டுச் சேனைப் பயிர்ச்செய்கையால் உயிர்வாழ்ந்த குடியானவர் பலர் தம் நிலத்தை இழந்தனர். பிறகு அதே மண்ணிற் கூலிக்குக் கரும்பு வெட்டினர். இதை எழுதும்போது எனக்கு எங்கள் பாட்டனாரின் தலைமுறை நினைவுக்கு வருகிறது. கூலியாக்கப்படுவதற்கு மொழி ஒரு தடையல்ல என்று இக்கரும்புக் காட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அடிகளார் வந்து சேர்ந்த ஊர் முழுக்க முழுக்கப் பௌத்த ஊர். இப்பகுதிக்கு வெல்லஸ்ஸ என்று பெயர். இலட்சம் வயல் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். 1818ஆம் ஆண்டில் ஊவா மக்கள் ஆங்கிலேயருக்கெதிராக எழுந்தபோது, அவ்வெழுச்சியை அடக்கியவர்கள் வீடுகளை எரித்தனர், பயிரை அழித்தனர், குளங்களைச் சிதைத்தனர். இலட்சம் வயல் காடாயிற்று. அதைச் செய்தவர்கள் கிறிஸ்தவ நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதை இவ்வூர் மறக்கவில்லை. ரொட்ரிகோ அடிகளாரும் மறக்கவில்லை. அந்த வரலாற்றை ஆராய்ந்து எழுதினார். கிறிஸ்தவன் ஒருவன் இம்மண்ணுக்குக் கடன்பட்டவனாகவே வர முடியும் என்ற எண்ணம் அவருடைய வாழ்வு முழுவதும் தெரிகிறது. எனவே யாரையும் மதம் மாற்ற அவர் முற்படவில்லை. மண் வீட்டிற் குடியிருந்தார். அதற்குச் 'சுப செத் கெதர' என்று பெயரிட்டார். மில்பர்கா பெர்னாண்டோ முதலிய அருட்சகோதரிகள் துணை நின்றனர். மூலிகை வைத்தியம், எழுத்தறிவு, இளம் பெண்களுக்குச் சுகாதாரப் பயிற்சி, இரசாயன உரமற்ற வேளாண்மை ஆகியவை அவ்வீட்டின் அலுவல்கள் ஆயின. நிலமிழந்த குடியானவரின் வழக்கை எடுத்துப் பேசுவதும் அவற்றுள் ஒன்று. ஆரம்பத்தில் ஐயத்தோடு பார்த்த கிராமத்தார் நாளடைவில் அவரைத் தம்முள் ஒருவராகக் கொண்டனர். இரண்டு கலாநிதிப் பட்டம் பெற்றவர் கிழவிகளிடம் பச்சிலைப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டிருக்கும் காட்சியை நினைத்துப் பார்க்கிறேன். பட்டம் வாங்கிய நமக்கு அது அத்தனை எளிதில் வராது.

புத்தலைக் கடைத்தெருவிற் சோறுண்டபின், ஊருக்கு வெளியே ஒரு குளக்கட்டில் மருத நிழல் பார்த்து உட்கார்ந்தோம். அந்த வீட்டைத் தேடிப்போய் வேடிக்கை பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நீரில் எருமைகள் மூழ்கிக் கிடந்தன. நான் மெல்லக் கதையைத் தொடங்கினேன்.

1982ஆம் ஆண்டில் லியோ ஆண்டகை காலமானார். அடிகளாரைப் பண்டாரவளைக்கு அழைத்தவரும், புத்தலைக்கு வழிவிட்டவரும் அவரே. அந்நிழல் நீங்கிய பின் வந்த காலம் மேலும் கொடியது. 1987ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் இந்திய - இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. தெற்கில் ஆயுதக் கிளர்ச்சி மூண்டது. ஊவாவின் கிராமங்களில் ஒரு பக்கம் படையினர், மறுபக்கம் கிளர்ச்சியாளர். நிலமற்றவருக்காகப் பேசுகிறவனை ஒரு சாரார் கிளர்ச்சிக்காரன் என்றனர். ஆயுதம் எடுக்காதவனை மறுசாரார் தடைக்கல் என்றனர். அச்சுறுத்தல்கள் வந்தன. ஊரை விட்டுப் போய்விடுமாறு நலம் விரும்பிகள் சொன்னார்கள்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். இருப்பதா போவதா என்பதை அடிகளார் தாமாக முடிவுசெய்து, மற்றவர்களுக்கு அறிவிக்கவில்லை. உடனிருந்தவர்களோடு கலந்து பேசினார், சேர்ந்து செபித்தார், ஒவ்வொருவர் உள்ளத்தையும் கேட்டறிந்தார். நவம்பர் 10ஆம் நாள் மாலைத் திருப்பலியே அச்சிந்தனைக்குரிய வேளையாக அமைந்தது. மக்களுக்காக நாம் செய்கிற வேலையைவிட அவர்களோடு நமக்குள்ள உறவே பெரிது என்ற கருத்தை அவர் அன்று எடுத்துச் சொன்னதாகவும், தம் உயிரை ஆண்டவர் கையில் ஒப்படைத்துச் செபித்ததாகவும் உடனிருந்தோர் பதிவு செய்துள்ளனர். பூசை முடியுந் தறுவாயிற் சன்னலூடாகத் துப்பாக்கி வெடித்தது. அவருடைய இரத்தம் பீடத்திலிருந்த கிண்ணத்திலும் தெறித்தது. அவருக்கு வயது அறுபது. சுட்டவர் யாரென்று இற்றைவரை எந்த நீதிமன்றமும் நிறுவவில்லை.

அவர் புத்தலைக்கு வந்த அதே 1980ஆம் ஆண்டிலேதான், மார்ச் 24ஆம் நாள், எல் சல்வடோர் நாட்டில் ஒஸ்கார் ரொமேரோ பேராயர் பூசை செய்துகொண்டிருக்கையிற் சுடப்பட்டார். உலகம் அவரை அறியும். 2018ஆம் ஆண்டில் அவருக்குப் புனிதர் பட்டமும் கிடைத்தது. நம் நாட்டிலும் 1985ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் மன்னார் வங்காலையில் மேரி பஸ்தியன் அடிகளார் கொல்லப்பட்டதைத் தமிழர் மறந்திலர். ஆனால் ரொட்ரிகோ அடிகளார் இறந்த செய்தி வந்தபோது எங்களில் எத்தனை பேர் கண்கலங்கினோம்? நான் கலங்கவில்லை. சிங்களக் கிராமத்திற் சிங்களவர் ஒருவர் இறந்தார் என்று பத்திரிகையை மடித்து வைத்தேன். எங்கள் துயரமே அப்போது எங்களுக்கு மலையாக இருந்தது.

நான் கதையை முடித்தபின் மருமகன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு சிரித்தான்.

"மாமா, என்னைப் பயங்காட்டத்தானே இங்கே கூட்டி வந்தீர்கள்?"

பொய் சொல்ல முடியவில்லை. "ஆமாம்," என்றேன்.

"எனக்கு இந்தக் கதை தெரியும். பள்ளியில் மறைக்கல்வி ஆசிரியர் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் எல்லாரையும் கேட்டார் என்பது தெரியாது." சற்று நிறுத்தி, "ஒன்று கேட்கட்டுமா? அவர் அன்றைக்கு ஊரை விட்டுப் போயிருந்தால் தவறா?" என்றான்.

வகுப்பறையாயிருந்தால் உடனே விடை சொல்லியிருப்பேன். குளக்கட்டில் வேறொன்று வாயில் வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரிடமும் சொல்லாதது.

1983ஆம் ஆண்டு சூலை மாதம் நான் ஒரு தோட்டப் பாடசாலையில் இளம் ஆசிரியன். தலைமை ஆசிரியர் ஊரில் இல்லாததால் பொறுப்பு என் கையில். பதுளை எரிகிறது என்ற செய்தி மாலையில் வந்தது. இரவில் ஒரு லொறி வவுனியாவுக்குப் போகிறதென்றார்கள், ஏறிவிட்டேன். எனக்கு உறவினர் அங்கே இருந்தனர். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் லயத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அவர்கள் தேயிலைச் செடிகளுக்கிடையே மூன்று இரவு படுத்திருந்தார்களாம். நான் மூன்று மாதங்கழித்துத் திரும்பி வந்து வரவுப் பதிவேட்டைத் திறந்தபோது, நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "சேர், நீங்கள் எங்கே போனீர்கள்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. ஊருக்குப் போய்வந்தவரை விசாரிப்பது போலக் கேட்டாள். நான் பதில் சொல்லாமற் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"போனது தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன், தம்பி. உயிருக்குப் பயந்தவனை யார் குற்றஞ் சொல்வது? ஆனால் நான் ஒருவரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. யாரையும் கேட்கவில்லை. அதுதான் அந்தப் பிள்ளையின் கேள்வி."

அவன் என்னைத் தேற்றவில்லை; அதற்காக அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். கல்லொன்றை எடுத்து நீரில் விட்டான். "அந்த அருட்சகோதரிகள் பிறகு என்ன ஆனார்கள்?" என்று கேட்டான்.

அது நல்ல கேள்வி. நாம் மாண்டவரைப்பற்றிப் பேசுமளவுக்கு மீந்தவரைப்பற்றிப் பேசுவதில்லை. மில்பர்கா சகோதரி அக்கிராமத்தோடு கொண்ட தொடர்பை அறுத்துக்கொள்ளவில்லை. அடிகளாரின் எழுத்துக்களையும் கடிதங்களையும் தொகுத்து, அவர் நினைவு மங்காமற் காத்தார். தம் கண்ணெதிரே அவ்விரவைக் கண்டவர் அதே ஊர் மக்களோடு உறவைத் தொடர்வதென்றால் அதற்கு எத்தனை விசுவாசம் வேண்டும்! இறைநம்பிக்கை என்று மேடைகளிற் பேசப்படுவதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆண்டவர் நம்மைக் காப்பார், ஒன்றும் நேராது என்பதே பெரும்பாலும் அப்பேச்சின் சாரம். புத்தலையில் நேர்ந்துவிட்டது. நேர்ந்தபின்னும் அவர்கள் செபித்தார்கள். அச்செபத்தின் பொருள் எனக்கு முழுவதும் விளங்கிவிட்டதென்று சொல்லமாட்டேன்.

மாலை பஸ்ஸில் ஏறினோம். வெல்லவாயவில் வண்டி மாறி, இருட்டும் வேளையில் மலை ஏறினோம். எல்லவில் விளக்குகள் மின்னின, காற்றுக் குளிர்ந்தது, மீண்டும் கம்பளிச் சட்டை. மருமகன் என் தோளிற் சாய்ந்து உறங்கிப்போனான். பத்தொன்பது வயது, உறக்கத்தில் இன்னும் சிறுவன் முகம்.

தங்கை வாசலில் நின்றிருந்தாள். "பேசினீர்களா, அண்ணே?" என்று கண்ணால் கேட்டாள். "நான்தான் அதிகம் பேசினேன். அவனிடம் நீயே கேள்," என்றேன்.

கை கழுவிவிட்டு வந்த பையன் தாயின் முன் உட்கார்ந்தான். "அம்மா, நீங்களும் அப்பாவும் சம்மதிக்காமல் நான் போகமாட்டேன். உங்களைக் கேட்காமல் படிவம் வாங்கியது பிழை. இப்போது கேட்கிறேன்."

"வேண்டாம் என்றால்?"

"இருப்பேன். பிறகு மறுபடியும் கேட்பேன்."

அவள் பதிலொன்றும் சொல்லாமல் எழுந்து அறைக்குள் போனாள். அலுமாரி திறக்கும் ஓசை கேட்டது. படிவத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். ஒரு முனை மடங்கியிருந்ததை உள்ளங்கையால் நீவி நேராக்கினாள். அப்பா வேலை முடிந்து வரட்டும் என்றாள். பிறகு, நத்தார் வரட்டும் என்றாள். கையொப்பமிட வேண்டிய இடத்தை ஒரு முறை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அதைச் சுவரிலிருந்த திருக்குடும்பப் படத்துக்குப் பின்னாலே செருகினாள்.

மறுநாட் காலை வண்டியில் நான் அட்டனுக்குப் புறப்பட்டபோதும் படிவம் அங்கேயே இருந்தது. படத்தின் மேல்விளிம்பில் அதன் வெள்ளை நுனி தெரிந்தது.